மகள் பல்கலைக்கழகத்தில், பாரம் இன்னும் ஆறாம் படிவத்தில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வழக்கமாகப் பசியாறும் கடையில் நண்பர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். செக்‌ஷன் 15-ல் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தோசை வந்து ஆறிக்கொண்டிருந்தது. அவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

“அண்ணே, வரி பாரம் அனுப்பணும். போன வருஷம் போட்டதையே திருப்பிப் போட்டுடலாம்ல? சம்பளத்துலயே மாசாமாசம் வெட்டிடறாங்க. நமக்கு இதுல புதுசா என்ன கிடைக்கப் போகுது?”

“கொடுங்க தம்பி, பார்ப்போம்” என்று வாங்கினேன். மைடேக்ஸ் பக்கத்தில் போன ஆண்டு அவர் அனுப்பிய பிஇ பாரம் இருந்தது. பிள்ளைகளுக்கான இடத்தில் இரண்டு பிள்ளைகள், தலைக்கு 2,000 வெள்ளி, மொத்தம் 4,000.

“மூத்தவ இப்ப என்ன படிக்கிறா?”

“மூனாவது வருஷம்ணே. பினாங்குல, யுஎஸ்எம்.” குரலில் பெருமை தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான் என்று ஏற்கெனவே பத்து முறை சொல்லியிருக்கிறார்.

“சின்னவன்?”

“இங்கதான், செக்‌ஷன் 13-ல டிப்ளோமா. ரெண்டு வருஷம் ஆச்சு.”

கைப்பேசியைத் திருப்பி அவரிடம் காட்டினேன். “தம்பி, மக பட்டப்படிப்புக்குப் போய் மூனு வருஷம் ஆகுது. உங்க பாரத்துல இன்னும் ஆறாம் படிவத்துலயே உட்கார்ந்திருக்கா.”

நடந்தது இதுதான். 2022-ல் மகள் எஸ்டிபிஎம் படித்துக்கொண்டிருந்தாள். 18 வயதைக் கடந்துவிட்டாள், ஆனால் இன்னும் பள்ளியில்தான். அந்த ஆண்டுக்கு 2,000 வெள்ளி என்று நண்பர் போட்டது முற்றிலும் சரி. அடுத்த ஆண்டு மகள் பல்கலைக்கழகம் போனாள். பாரம் போகவில்லை. பழைய கட்டத்திலேயே அதே எண்ணை மறுபடியும் தட்டினார். சின்னவன் டிப்ளோமாவில் சேர்ந்தபோதும் அக்காவுக்குப் போட்ட இடத்திலேயே அவனையும் போட்டார். இருவருக்கும் தலைக்கு 8,000 வெள்ளி கோரியிருக்கலாம்.

2025ஆம் ஆண்டு வருமானத்துக்கான பாரத்தை அனுப்பும் நேரம் இது. சம்பளக்காரர்களுக்கான பிஇ பாரத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. இ-ஃபைலிங் செய்வோருக்கு மே 15 வரை அவகாசம் கிடைப்பது வழக்கம். லோரி, கேட்டரிங், பூக்கடை என்று சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களுக்கு பி பாரம், ஜூன் 30. கல்லூரியில் பிள்ளை இருக்கும் வீட்டில், ‘அனுப்பு’ பொத்தானைத் தட்டுவதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எந்தப் படிப்புக்கு எவ்வளவு?

திருமணமாகாத பிள்ளைகளுக்கான கழிவு மூன்று படிகளாக இருக்கிறது.

முதல் படி: 18 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைக்கு 2,000 வெள்ளி.

இரண்டாம் படி: 18 வயதும் அதற்கு மேலும் ஆகி, முழுநேரமாகப் படிக்கும் பிள்ளை. ஆறாம் படிவம், ஏ-லெவல், மெட்ரிகுலேஷன், பவுண்டேஷன், சான்றிதழ்ப் படிப்பு எல்லாம் இதில் அடங்கும். இதற்கும் 2,000 வெள்ளிதான்.

மூன்றாம் படி: 18 வயதும் அதற்கு மேலும் ஆகி, மலேசியாவில் டிப்ளோமா அல்லது அதற்கு மேல் முழுநேரமாகப் படிக்கும் பிள்ளை. வெளிநாடு என்றால் டிப்ளோமா போதாது; பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கல்விக்கூடமும் படிப்பும் அரசாங்க அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இதற்கு 8,000 வெள்ளி. முதுகலை, முனைவர் பட்டப் படிப்பும் இதில் சேரும்.

2016ஆம் ஆண்டு வருமானம் முதல் இந்த 8,000 நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 6,000 வெள்ளியாக இருந்தது. இது புதுச் சலுகை இல்லை, பத்து ஆண்டுகளாக நம் முன்னால் இருக்கும் கட்டம்.

உடற்பேறு குறைந்த பிள்ளை இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைக்கான கழிவு 2025ஆம் ஆண்டு வருமானம் முதல் 6,000-லிருந்து 8,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. அவர் மூன்றாம் படியில் சொன்ன மாதிரி உயர்கல்வி படித்தால் கூடுதலாக இன்னொரு 8,000. ஆக 16,000 வெள்ளி. சமூகநல இலாகாவில் பதிவு செய்து ஓகேயூ அட்டை வாங்கியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு பதிவு செய்யாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. பிள்ளைக்கு உரியதைப் பெற்றோரே தடுத்துவிடக் கூடாது.

8,000 வெள்ளி கையில் வருமா?

வராது. இங்கேதான் பலருக்குக் குழப்பம். பாரத்தில் ‘பெலெபாசான்’ என்று இருப்பது கழிவு. உங்கள் வருமானத்திலிருந்து அந்தத் தொகையைக் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் வரி போடுவார்கள். ‘ரெபேட்’ என்பது தள்ளுபடி. கணக்குப் போட்டு வந்த வரியிலிருந்தே நேராகக் குறைப்பது. பிள்ளை படிப்புக்கு மலேசியா தருவது கழிவு.

இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, “கல்லூரிக் கட்டணத்துக்கு வரியிலேயே குறைப்பார்களாமே” என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கட்டிய கட்டணத்தின் அடிப்படையில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வரியிலேயே குறைக்கும் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். அங்கே பழைய வரி முறையில் இருப்பவர்கள், பிள்ளைகளின் கல்விக் கட்டண ரசீதை 80சி பிரிவில் காட்டலாம். இரண்டுமே கட்டணத்தைப் பார்ப்பவை. நம் நாட்டு 8,000 வெள்ளி கட்டணத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளை யார், எந்த நிலையில் படிக்கிறார், முழுநேரமா என்பதைத்தான் பார்க்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 1,500 வெள்ளியாக இருந்தாலும் 40,000 வெள்ளியாக இருந்தாலும் கழிவு அதே 8,000. பிடிபிடிஎன் கடனில் படித்தாலும் நீங்கள் கோரலாம். கட்டண ரசீது இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

நண்பரின் கணக்கு

மேசையில் இருந்த டிஷ்யூ காகிதத்தில் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். நண்பரின் சம்பளம் மாதம் 7,000 வெள்ளி, ஆண்டுக்கு 84,000. தனிநபர் கழிவு 9,000. ஈபிஎஃப் சந்தாவுக்கு அதிகபட்சம் 4,000. சொக்சோவுக்கு 350. இவற்றைக் கழித்தால் 70,650 வெள்ளி மிஞ்சும்.

அவர் போட்டபடி பிள்ளைகளுக்கு 4,000 கழித்தால், வரிக்குரிய வருமானம் 66,650. முதல் 50,000-க்கு வரி 1,500 வெள்ளி. மீதி 16,650-க்கு 11 விழுக்காடு, அதாவது 1,831 வெள்ளி 50 காசு. மொத்தம் 3,331 வெள்ளி 50 காசு.

போட வேண்டியபடி 16,000 கழித்தால், வரிக்குரிய வருமானம் 54,650. முதல் 50,000-க்கு அதே 1,500. மீதி 4,650-க்கு 511 வெள்ளி 50 காசு. மொத்தம் 2,011 வெள்ளி 50 காசு.

வித்தியாசம் 1,320 வெள்ளி. ஒரே ஆண்டில்.

நண்பர் டிஷ்யூவைக் கையில் எடுத்துக்கொண்டு சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவ பஸ் டிக்கெட்டுக்குக் காசு கேட்டா யோசிச்சு யோசிச்சு அனுப்புவேன்ணே” என்றார்.

உங்கள் வருமானம் எந்தப் படியில் இருக்கிறதோ அதற்கேற்ப மிச்சம் மாறும். வரிக்குரிய வருமானம் 50,000-க்கும் 70,000-க்கும் இடையில் இருந்தால், ஒரு பிள்ளைக்கான 8,000 வெள்ளிக் கழிவு 880 வெள்ளி வரை மிச்சப்படுத்தும். 70,000-க்கும் 100,000-க்கும் இடையில் வரி 19 விழுக்காடு. அங்கே 1,520 வெள்ளி வரை. 35,000-க்கும் 50,000-க்கும் இடையில் 6 விழுக்காடு. 480 வெள்ளி வரை.

அப்பாவா, அம்மாவா?

நண்பரின் மனைவி ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறார், மாதம் 3,000 வெள்ளி. “சின்னவன அவங்க பேர்ல போட்டுடலாமா? ஆளுக்கு ஒன்னுன்னு” என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது.

அவருடைய ஆண்டு வருமானம் 36,000. தனிநபர் கழிவு, ஈபிஎஃப், சொக்சோ போக, வரிக்குரிய வருமானம் 23,000-க்குள் வந்துவிடும். அதற்கான வரி 240 வெள்ளிக்கும் குறைவு. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளித் தள்ளுபடி உண்டு. ஆக, அவர் கட்ட வேண்டிய வரி ஏற்கெனவே சுழியம். மகனை அவர் பெயரில் போட்டால் குடும்பத்துக்கு ஒரு காசு மிச்சமில்லை. அப்பா பெயரில் போட்டால் 880 வெள்ளி.

சேர்ந்து வாழும் கணவன் மனைவி தனித்தனியாக வரி பாரம் அனுப்பினால், ஒரு பிள்ளையை ஒருவர்தான் கோரலாம். இருவரும் ஒரே பிள்ளையைக் கோரினால் பின்னால் கடிதம் வரும். எந்தப் பிள்ளையை யார் கோருவது என்பதை நீங்களே பேசி முடிவு செய்யலாம். வரி விகிதம் யாருக்கு அதிகமோ அவர் கோருவதுதான் பொதுவாக லாபம். பல வீடுகளில் இன்று அம்மாவின் சம்பளம்தான் கூட. அங்கே அம்மா பெயரில் போடுங்கள்.

பிரிந்து வாழும் பெற்றோர் இருவருமே பிள்ளையைப் பராமரித்து, இருவருமே கோர உரிமை பெற்றிருந்தால் ஆளுக்குப் பாதி. இ-ஃபைலிங்கில் நூறு விழுக்காடு, ஐம்பது விழுக்காடு என்று தனித்தனி இடம் இருக்கும். வளர்ப்புப் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுத்திருந்தால் அவருக்கும் கோரலாம்.

கல்லூரிக் கட்டணத்தை எங்கே போடுவது?

எங்கும் போட முடியாது. வருத்தமாக இருந்தாலும் உண்மை அதுதான். பாரத்தில் கல்விக் கட்டணம் என்று 7,000 வெள்ளி வரை ஒரு வரி இருக்கிறது. பக்கத்திலேயே ‘செண்டிரி’ என்று எழுதியிருக்கும். அது நீங்கள் சொந்தமாகப் படித்தால் மட்டும். மகளின் செமஸ்டர் கட்டணத்தை அங்கே போடுவது தவறு. நல்லெண்ணத்தில் போட்டேன் என்றாலும், தணிக்கையில் அந்தக் கழிவை எடுத்துவிடுவார்கள். குறைத்துக் கட்டிய வரியோடு, அதற்கு இணையான தொகை வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆனால் பிள்ளைக்காகச் செய்யும் வேறு சில செலவுகளுக்கு இடமுண்டு.

மடிக்கணினி, கைப்பேசி, டேப்லட், புத்தகம்: ‘வாழ்க்கைமுறை’ கழிவில் ஆண்டுக்கு மொத்தம் 2,500 வெள்ளி வரை. உங்களுக்கு, துணைக்கு, பிள்ளைக்கு வாங்கியது எல்லாம் சேர்த்து. வீட்டு இணையக் கட்டணமும் இதில் வரும்; பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நண்பர் போன ஆண்டு மகளுக்கு 2,800 வெள்ளிக்கு மடிக்கணினி வாங்கியிருந்தார். ரசீதை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நல்ல வேளையாக அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. அதில் 2,500 வெள்ளிக்கு 11 விழுக்காடு, 275 வெள்ளி மிச்சம்.

எஸ்எஸ்பிஎன் சேமிப்பு: பிடிபிடிஎன் நடத்தும் கல்விச் சேமிப்பு. உங்கள் பிள்ளைக்காகப் போட்ட தொகைக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு. இந்தச் சலுகை 2027ஆம் ஆண்டு வருமானம் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போட்டதிலிருந்து அதே ஆண்டில் எடுத்ததைக் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. 5,000 போட்டு 3,000 எடுத்திருந்தால் 2,000-க்குத்தான் கழிவு. முந்தைய ஆண்டுகளின் இருப்பு இதில் சேராது.

கல்விக் காப்புறுதி: மருத்துவக் காப்புறுதியோடு சேர்த்து, 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கு 4,000 வெள்ளி வரை. அதற்கு முன் 3,000-ஆக இருந்தது.

விட்டுப்போன ஆண்டுகள்

“அப்ப போன வருஷம் போனது போனதுதானாண்ணே?” என்றார் நண்பர்.

இல்லை. தவறுதலாக அதிக வரி கட்டியவர் திருத்தம் கேட்டு மனு செய்ய, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 131ஆம் பிரிவு வழி விடுகிறது. கால வரம்பு ஐந்து ஆண்டுகள். வரி மதிப்பீடு செய்யப்பட்ட ஆண்டு முடிந்ததிலிருந்து அதை எண்ணுவார்கள். கோர வேண்டிய கழிவைக் கோராமல் விட்டதும் தவறுதான். பிள்ளை அந்த ஆண்டில் முழுநேரமாகப் படித்ததற்கான கடிதமும் பிறப்புப் பத்திரமும் இணைக்க வேண்டும்.

நண்பருக்கு 2023-ல் மகள் ஒருத்திக்கு மட்டும் விட்டுப்போனது 6,000 வெள்ளிக் கழிவு; 11 விழுக்காடு என்றால் 660 வெள்ளி வரி. 2024-ல் இருவருக்கும் சேர்த்து 1,320. இரண்டு ஆண்டுக்கும் 1,980 வெள்ளி. அவருடைய சம்பளம் இந்த ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை என்பதால் கணக்கு ஏறக்குறைய இதுதான். மகளின் சேர்க்கைக் கடிதத்தை வைத்து இரண்டு ஆண்டுகளுக்கும் மனு செய்யப் போகிறார்.

இனிமேல் அதிகம் வெட்டாமல் இருக்க இன்னொரு வேலையும் உண்டு. மாதாந்திர பிசிபி பிடித்தத்தை உங்கள் நிறுவனம், நீங்கள் கொடுத்த குடும்ப விவரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தப் பட்டியலில் ஒரு பிள்ளை 2,000 வெள்ளி என்று கணக்கு. டிப்ளோமாவோ பட்டமோ படிக்கும் பிள்ளையை நான்கு பிள்ளைகளாக எண்ணுவார்கள், நான்கு தடவை 2,000 என்பது 8,000. மகள் பல்கலைக்கழகம் போனதை நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். அலுவலகத்தில் சம்பளம் போடுபவரிடம் சொன்னீர்களா? சொன்னால் அடுத்த மாதமே பிடித்தம் குறையும். சொல்லாவிட்டால், உங்கள் பணம் அடுத்த ஆண்டு பாரம் அனுப்பும் வரை உங்களிடம் இல்லை.

காகிதத்தைக் காப்பாற்றுங்கள்

2021 டிசம்பர் வெள்ளத்தை ஸ்ரீ மூடாக்காரர்களுக்கு யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. நண்பரின் வீட்டில் கீழ்மாடி முழுவதும் தண்ணீர். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு எல்லாம் சேறாகிப் போயின. அதற்குப் பிறகு அவர் வீட்டில் எந்தக் காகிதத்தையும் ஒழுங்காக வைப்பதில்லை. “வெச்சு என்னாண்ணே பண்றது?” என்ற சலிப்பு. அந்தச் சலிப்பு புரிகிறது. ஆனால் வரி விஷயத்தில் அது செல்லாது.

பாரத்தோடு எந்த ஆவணத்தையும் அனுப்ப வேண்டாம். ஆனால் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வருமான வரி வாரியம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளைக்கு வேண்டியவை அதிகமில்லை: பிறப்புப் பத்திரம், சேர்க்கைக் கடிதம், ஒவ்வோர் ஆண்டும் கல்விக்கூடம் தரும் ‘முழுநேர மாணவர்’ உறுதிக் கடிதம். மடிக்கணினி ரசீது, எஸ்எஸ்பிஎன் அறிக்கை, காப்புறுதி அறிக்கை இருந்தால் அவையும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். கடை ரசீதின் மை இரண்டு ஆண்டில் வெளுத்துவிடும். படம் வெளுக்காது, தண்ணீரிலும் போகாது.

இன்னொன்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நேர்மையான வரி ஆலோசகர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால், “ரீஃபண்ட் பெரிசா வாங்கித் தர்றேன், எனக்கு இத்தனை விழுக்காடு” என்று வருகிறவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். இல்லாத கழிவைப் போட்டுவிட்டு அவர் போய்விடுவார். கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். அபராதமும் உங்கள் பெயரில்தான். ‘வரிப் பணம் திரும்பக் கிடைக்கும், இந்த இணைப்பைத் தட்டுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்திகளையும் தொடாதீர்கள். நேராக மைடேக்ஸில் நுழைந்து பாருங்கள்.

அடிக்கடி கேட்கப்படுபவை

தங்கையின் படிப்புச் செலவு முழுவதையும் நான்தான் பார்க்கிறேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். நான் கோரலாமா?

நம் வீடுகளில் அண்ணனும் அக்காவும் சுமக்கும் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கழிவு பெற்றோருக்குத்தான். தங்கைக்காக நீங்கள் கோர முடியாது. தங்கைக்காக எஸ்எஸ்பிஎன்-இல் போட்டாலும் உங்களுக்குக் கழிவு இல்லை. உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கோரலாம். நீங்களே பகுதிநேரமாக முதுகலை படித்தால், முன்பு சொன்ன 7,000 வெள்ளிக் கட்டணக் கழிவு உங்களுக்கானது.

மகன் ஜூன் வரை பவுண்டேஷன் படித்தான். செப்டம்பரில் பட்டப்படிப்பு தொடங்கினான். பாதிப் பாதியா?

இந்தக் கழிவை மாதக் கணக்கில் பிரிப்பதில்லை. அந்த ஆண்டிலேயே முழுநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டதால் 8,000 வெள்ளி வரியில் போடுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் தேதிதான் உங்கள் சாட்சி.

மகள் இந்தியாவில் மருத்துவம் படிக்கிறாள். கிடைக்குமா?

பட்டப்படிப்பு என்பதால் கிடைக்கும், அந்தக் கல்லூரியும் படிப்பும் மலேசிய அரசாங்கம் அங்கீகரித்ததாக இருந்தால். பெயர் பெரிய கல்லூரி என்பதால் மட்டும் அங்கீகாரம் உண்டென்று நினைத்துவிடாதீர்கள். உள்நாட்டுத் தனியார் கல்லூரி என்றால், மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏ-வின் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். இதைப் பாரம் நிரப்பும்போது பார்ப்பதைவிட, கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் பார்ப்பது நல்லது.

மகன் வேலை செய்துகொண்டே வாரக் கடைசியில் பட்டப்படிப்பு படிக்கிறான்.

அது பகுதிநேரம். உங்களுக்குக் கழிவு இல்லை. அவன் தன் பாரத்தில் தன் கட்டணத்தைக் கோரலாமா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். முதுகலைக்குக் கீழான படிப்பு என்றால் சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம், அறிவியல் போன்ற சில துறைகளுக்கு மட்டுமே அந்த 7,000 வெள்ளி.

முடிப்பதற்கு முன்

ஷா ஆலம் 1978-ல் சிலாங்கூரின் தலைநகரானது. அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் ரப்பரும் செம்பனையுமாக இருந்த தோட்டங்கள். நண்பரின் அப்பாவும் தோட்டத்துக்காரர்தான். வாழ்நாளில் வரி பாரத்தையே பார்த்ததில்லை, வரி கட்டும் அளவுக்குச் சம்பளமும் வாங்கியதில்லை. மகன் பாரத்தைப் பார்க்கிறார். ஆனால் அதில் தனக்கு எதுவும் இருக்காது என்ற முடிவோடு பார்க்கிறார். அந்த நினைப்பு அவருக்கு இரண்டு ஆண்டில் 1,980 வெள்ளி செலவு வைத்திருக்கிறது.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் பாரம் நிரப்பும்போது, கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு இணையம் கைவந்த கலை. எந்த நிலையில் படிக்கிறோம் என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். நாளைக்கு அவர்களும் இதே பாரத்தை நிரப்பப் போகிறவர்கள்.

நண்பர் அன்று மாலை ஒரு படம் அனுப்பினார். மைடேக்ஸ் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், 16,000 வெள்ளி. கீழே ஒரு வரி: “மக போன்ல சொல்லிக் கொடுத்தாண்ணே. நான் தட்டினேன்.”